ஆலோசனைக்குக் கூலி கொடுப்பவர் யார்?

ஒரு மனிதன் நேர்மையானவனா என்று கேட்பது நமது நெடுநாளைய வழக்கம். அவனுடைய சொல்லுக்கு யார் கூலி கொடுக்கிறார்கள் என்று கேட்பது அவ்வளவு வழக்கமன்று. முதற் கேள்வி தனிமனிதனின் நெஞ்சைப் பற்றியது. இரண்டாவது சமுதாய அமைப்பைப் பற்றியது. அறத்தைத் தனிமனிதனின் நெஞ்சுக்குள் மட்டும் தேடுவோர் முதற் கேள்வியோடு திருப்தியடைந்து விடுகின்றனர். ஆனால், ஆலோசனை கூறுவதையே தொழிலாகக் கொண்ட ஒருவரின் ஊதியம், ஆலோசனை கேட்பவரிடமிருந்தன்றி, அந்த ஆலோசனையால் ஆதாயமடையும் மூன்றாமவரிடமிருந்து வருமாயின், அதனை நாம் எவ்வாறு மதிப்பிடுவது? சொல்பவர் நல்லவராக இருந்துவிட்டால் மட்டும் போதுமா?

இக் கேள்வியை வெறுந் தத்துவ விசாரமாக நடத்துவதிலும் பார்க்க, கண்முன்னே நடைபெறும் ஒன்றை வைத்து ஆராய்வதே பயன்தரும். அமெரிக்க ஐக்கிய நாட்டிலே முதியோருக்கான மருத்துவக் காப்புறுதித் திட்டங்களை விற்கும் முகவர்கள் தரகு பெறும் முறை இதற்கு மிகப் பொருத்தமான உதாரணமாகும். அங்கே விலைப்படும் பண்டம் சவர்க்காரமோ சைக்கிளோ அன்று. நோயுற்ற முதுமையின் பாதுகாப்பு. வாங்குபவர் பணபலம் படைத்த வியாபாரியல்லர். வாழ்நாளெல்லாம் உழைத்து ஓய்ந்த மனிதர்.

முதலில் வரலாற்றைச் சுருக்கமாகக் காண்போம். 65 வயதைத் தாண்டியோருக்கு அரசே மருத்துவக் காப்புறுதி வழங்கும் மெடிகெயர் சட்டத்தில், 1965ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் திகதி ஜனாதிபதி லிண்டன் ஜோன்சன் கையொப்பமிட்டார். முன்னாள் ஜனாதிபதி ஹரி ட்ரூமனுக்கு முதலாவது அட்டை வழங்கப்பட்டது. ‘இது வைத்தியத்தைச் சோஷலிசமாக்கும் சதி’ என்று அந்நாட்டு வைத்தியர் சங்கம் பல ஆண்டுகளாகக் கூக்குரலிட்டு வந்ததையும் மீறியே அச்சட்டம் நிறைவேறிற்று. 1966இல் திட்டம் நடைமுறைக்கு வந்தபோது, அரசின் பணம் வேண்டுமாயின் நிறபேதம் பாராட்டக்கூடாது என்ற நிபந்தனையால், தென் மாநிலங்களின் ஆஸ்பத்திரிகளில் வெள்ளையருக்கும் கறுப்பினத்தவருக்கும் இடையே எழுப்பப்பட்டிருந்த சுவர்கள் பல சரிந்தன. பொதுப்பணம் பொது அறத்துக்கு எவ்வளவு வலிமை தரவல்லது என்பதற்கு இது ஓர் அரிய சான்று.

ஆயினும் அத்திட்டம் பிறக்கும்போதே குறையுடனேதான் பிறந்தது. வைத்தியர் கட்டணம் முதலியவற்றில் ஏறத்தாழ 20 வீதத்தை நோயாளியே கொடுக்கவேண்டும். அதற்கு ஆண்டுக்கு இவ்வளவுதான் என்ற உச்சவரம்பு கிடையாது. பல், கண், செவி ஆகியவற்றுக்கான அன்றாடப் பராமரிப்பும் பெரும்பாலும் அதனுள் அடங்குவதில்லை. அரசு அடைக்காது விட்ட இந்த இடைவெளியிலேதான் தனியார் காப்புறுதி நிறுவனங்கள் கூடாரம் அடித்தன.

65 வயதை அடைகின்ற ஒருவருக்கு முன்னே இன்று இரண்டு பாதைகள் உண்டு. ஒன்று, அரசின் மூல மெடிகெயரிலேயே இருந்துகொண்டு, அதன் குறைகளை நிரப்ப மெடிகாப் எனப்படும் குறைநிரப்புக் காப்புறுதியையும், மருந்துச் செலவுக்கான திட்டமொன்றையும் தனித்தனியே வாங்குதல். மற்றது, தனியார் நிறுவனமொன்றின் மெடிகெயர் அட்வான்டேஜ் திட்டத்திலே சேர்ந்துவிடுதல். 1997ஆம் ஆண்டுச் சட்டத்தால் வழிவகுக்கப்பட்டு, 2003ஆம் ஆண்டுச் சட்டத்தால் இப்பெயர் சூட்டப்பெற்ற இத்திட்டங்களில், சேரும் ஒவ்வொருவருக்கும் இன்ன தொகையென்று சமஷ்டி அரசு நிறுவனத்துக்குப் பணம் செலுத்துகிறது. நிறுவனம் வைத்தியச் செலவைப் பொறுப்பேற்கிறது. செலவிடாது எஞ்சுவது அதன் இலாபமாகிறது. 2024ஆம் ஆண்டளவில் தகுதியுடைய முதியோரில் 54 வீதத்தினர், அதாவது ஏறக்குறைய 3 கோடியே 30 இலட்சம் பேர், இத்திட்டங்களில் இருந்தனர்.

இத்திட்டங்களில் நன்மையே இல்லையென்று கூறுவது நியாயமாகாது. பலவற்றுக்கு மேலதிகக் கட்டுப்பணம் கிடையாது. நோயாளி தன் கையிலிருந்து செலவிடும் தொகைக்கு ஆண்டு வரம்பு உண்டு. பல், கண் வைத்தியத்துக்குச் சிறு உதவியும் கிடைக்கின்றது. மாதாமாதம் எண்ணிச் செலவழிக்கும் குடும்பத்துக்கு இவை அற்பமானவையல்ல. ஆனால் நிறுவனம் ஒப்பந்தம் செய்துகொண்ட வைத்தியரிடமும் ஆஸ்பத்திரியிலுமே பெரும்பாலும் செல்லவேண்டும். பல சிகிச்சைகளுக்கு முன்னனுமதி பெறவேண்டும். அரசின் சுகாதாரத் திணைக்களத்துப் பரிசோதகர் அலுவலகம் 2022இல் வெளியிட்ட அறிக்கை, நிறுவனங்கள் மறுத்த முன்னனுமதிக் கோரிக்கைகளிலிருந்து ஒரு தொகுதியை ஆராய்ந்து, அவற்றுள் 13 வீதமானவை மெடிகெயர் விதிகளின்படி அனுமதிக்கப்பட்டிருக்க வேண்டியவை என்று கண்டது.

இவ்விரு பாதைகளுக்கும் இடையிலே நிற்பவர்தான் முகவர். முதியவர் அவருக்கு ஒரு சதமும் கொடுப்பதில்லை. ‘எமது சேவை இலவசம்’ என்றே விளம்பரங்கள் கூறுகின்றன. கூலியைக் கொடுப்பது காப்புறுதி நிறுவனம். அதன் உச்சவரம்பை ஆண்டுதோறும் சமஷ்டி அரசு நிர்ணயிக்கிறது. 2026ஆம் ஆண்டுக்கு, பெரும்பாலான மாநிலங்களில், ஒருவரை அட்வான்டேஜ் திட்டத்தில் புதிதாகச் சேர்ப்பதற்கான தரகு 694 டொலர் வரை. அவர் அத்திட்டத்தில் தொடர்ந்திருக்கும் ஒவ்வோர் ஆண்டுக்கும் 347 டொலர் வரை. கலிபோர்னியா, நியூ ஜேர்சி போன்ற சில மாநிலங்களில் இத்தொகை இன்னும் அதிகம். தனித்த மருந்துத் திட்டம் ஒன்றில் சேர்ப்பதற்கோ முதலாண்டில் 114 டொலர், பின்னர் ஆண்டுக்கு 57 டொலர். குறைநிரப்புக் காப்புறுதிக்கு இந்தச் சமஷ்டி உச்சவரம்பு பொருந்தாது. அதற்குரிய தரகு கட்டுப்பணத்தின் ஒரு வீதமாகக் கணக்கிடப்பட்டு, இடத்துக்கிடம் வேறுபடுகிறது.

இன்றைய வீதத்தையே வைத்து ஒரு சிறு கணக்குப் போடுவோம். 65 வயதில் அட்வான்டேஜ் திட்டத்தில் சேர்க்கப்பட்டுப் பத்தாண்டுகள் அதிலேயே இருக்கும் ஒருவரால் முகவருக்குக் கிடைக்கக்கூடியது 3,817 டொலர். இத்தகையோர் நூறு பேரைச் சேர்த்துவிட்ட முகவருக்குத் தொடர்தரகாக மட்டும் ஆண்டுக்கு 34,700 டொலர் வரை கிடைக்கும்.

இனி நாம் கவனிக்கவேண்டியது, எதற்கெல்லாம் தரகு கிடையாது என்பதையே. ‘நீங்கள் மூல மெடிகெயரில் இருப்பதே நல்லது, இப்போதைக்கு வேறொன்றும் வாங்கவேண்டாம்’ என்று முகவர் கூறினால், அவருக்குக் கிடைப்பது பூச்சியம். ‘வேறொரு முகவர் உங்களுக்குச் சேர்த்துக் கொடுத்த திட்டம் நல்லதுதான், மாற்றவேண்டாம்’ என்று கூறினாலும் பூச்சியம். ‘உங்கள் வருமானம் குறைவாக இருப்பதால் மெடிகெயர் கட்டுப்பணத்தையே மாநில அரசு செலுத்தும் உதவித் திட்டமொன்று உண்டு, அதற்கு விண்ணப்பியுங்கள்’ என்று வழிகாட்டினாலும், அந்த விண்ணப்பத்துக்கென எவரும் அவருக்குத் தரகு கொடுப்பதில்லை. ஓர் ஏழை முதியவருக்கு மிக வேண்டிய வார்த்தைகள் சில, இச் சந்தையிலே விலையற்ற வார்த்தைகளாக இருக்கின்றன. விலைமதிப்பற்றவை என்று நாம் சொல்லவில்லை. விலையே இல்லாதவை என்கிறோம்.

இதனால் விளையக்கூடியது என்ன? முப்பது ஆண்டுகள் தொழிற்சாலையில் உழைத்து ஓய்வுபெறும் ஒரு பெண்மணியை எண்ணிப்பார்ப்போம். 65 வயதாகி, மெடிகெயரின் வைத்தியர் கட்டணப் பகுதியில் அவர் சேரும் மாதத்திலிருந்து ஆறு மாத காலத்துக்குள், குறைநிரப்புக் காப்புறுதி நிறுவனம் எதுவும் அவருக்கு என்ன நோய் இருக்கிறதென்று கேட்டு அவரை மறுக்கமுடியாது. சட்டம் அவருக்கு அளித்துள்ள பொன்னான வாய்ப்பு அது. ஆனால் கட்டுப்பணம் இல்லாத திட்டமென்ற சொல் அவருக்கு இனிக்கிறது. கூறுபவரும் அன்பாகவே கூறுகிறார். பெண்மணி அட்வான்டேஜ் திட்டத்தில் சேர்ந்துவிடுகிறார். எட்டாண்டுகளின் பின் புற்றுநோய் வருகிறது. அவர் நாடவேண்டிய ஆஸ்பத்திரி அத்திட்டத்தின் ஒப்பந்தத்தில் இல்லை. மூல மெடிகெயருக்குத் திரும்ப அவருக்கு உரிமை உண்டு. ஆனால் குறைநிரப்புக் காப்புறுதி கேட்டு இப்போது சென்றால், பெரும்பாலான மாநிலங்களில் நிறுவனம் அவருடைய நோயைக் காட்டி மறுக்கலாம். நியூயோர்க், கனெற்றிக்கற், மாசசூசெற்ஸ், மெயின் ஆகிய நான்கு மாநிலங்களின் சட்டங்களே இதில் முதியோருக்கு நிரந்தரப் பாதுகாப்பு அளிக்கின்றன. ஏனையோர் முதலாண்டு கழிந்தபின் திரும்பினால், வரம்பற்ற அந்த 20 வீதம் தலைமீது தொங்கும்.

அப்பெண்மணிக்கு யாரும் பொய் சொல்லவில்லை என்பதே இங்கு நாம் சிந்திக்கவேண்டிய செய்தி. கட்டுப்பணம் இல்லை என்பது உண்மை. பல் வைத்தியம் உண்டென்பதும் உண்மை. ஆறு மாதக் கதவு ஒருமுறை மூடினால் எளிதில் திறவாது என்ற மற்றோர் உண்மை அழுத்திச் சொல்லப்படவில்லை, அவ்வளவுதான். பொய்யைத் தண்டிக்கச் சட்டமுண்டு. உண்மைகளுள் எதனை உரத்துச் சொல்வது, எதனை மெல்லச் சொல்வது என்ற தெரிவைத் தண்டிக்க எந்தச் சட்டத்தாலும் முடியாது. அத்தெரிவைக் கூலி நடத்துகிறது.

‘எல்லா முகவரும் அப்படியல்லர்’ என்று மறுப்புரைப்போர் உண்டு. அதனை நாம் மனமார ஏற்றுக்கொள்கிறோம். அயலவராகவும், ஒரே தேவாலயத்துக்குச் செல்பவராகவும், முதியவரின் மருந்துப் பட்டியலை வரிவரியாகப் பார்த்துத் திட்டம் தெரிபவராகவும் இருக்கும் முகவர்கள் பலர். அவர்களும் உழைப்பாளிகளே. சேர்த்துவிட்டவர் மூன்று மாதத்துக்குள் விலகிவிட்டால், பெற்ற தரகை நிறுவனம் திருப்பி வாங்கிக்கொள்ளும். பலருக்கு நிலையான சம்பளம் இல்லை. ஆனால் நமது கேள்வி, நல்ல முகவர் உண்டா என்பதன்று. நல்லவராக இருப்பதற்கு அவர் தமது பையிலிருந்து பணம் இழக்கவேண்டியிருப்பது ஏன் என்பதே. நேர்மைக்கு அபராதம் விதிக்கும் ஓர் ஏற்பாட்டில் சிலர் நேர்மையாக இருக்கிறார்கள் என்பது அவர்களுக்குப் பெருமை, ஏற்பாட்டுக்குப் பெருமையன்று.

ஆசிரியத் தொழிலில் உள்ளவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. ஒரு பாடநூலை வகுப்புக்குப் பரிந்துரைக்கும் ஆசிரியருக்குப் பதிப்பாளர் பிரதிக்கு இவ்வளவென்று பணம் தருவதாகவும், பள்ளி நூலகத்திலுள்ள பழைய நூலே போதுமென்று கூறும் ஆசிரியருக்கு ஒன்றும் கிடைப்பதில்லை என்றும் வைத்துக்கொள்வோம். அந்த ஆசிரியர் எவ்வளவு உத்தமராயினும், அவர் பரிந்துரைத்த நூலை வாங்கும் தந்தையின் மனத்தில் ஐயம் எழுவது நியாயமே. ஐயம் எழாவிட்டால் அது அதனிலும் ஆபத்து. ஏனெனில் ஆசிரியரே நாளடைவில் தம்மை நம்பத் தொடங்கிவிடுவார். பணம் வரும் நூலே உண்மையில் சிறந்த நூலென்று அவருக்குத் தோன்றும். மனிதனின் இருப்பு நிலையே அவனுடைய உணர்வை உருவாக்குகிறது என்ற கோட்பாட்டுக்கு இதைவிட எளிய விளக்கம் வேண்டியதில்லை.

‘வியாபாரி என்றால் இலாபத்துக்குத்தானே விற்பான், இதில் அறக்கேடு எங்கே?’ என்பது இரண்டாவது மறுப்பு. வியாபாரம் அறத்துக்குப் புறம்பானதென்று நாம் கருதவில்லை. வள்ளுவர் வாணிகரின் ஒழுக்கத்தை நடுவு நிலைமை என்ற அதிகாரத்திலேயே வைத்துப் பேசினார். பிறர் பொருளையும் தம் பொருள்போற் பேணுவதே அங்கு அவர் வேண்டும் இலக்கணம். ஆனால் வாணிகன் தன்னை வாணிகன் என்று சொல்லிக்கொண்டே கடையில் அமர்கிறான். அவன் தன் பண்டத்தைப் புகழ்வான் என்பது வாங்குபவனுக்குத் தெரியும். இங்கோ விற்பவர் வழிகாட்டியின் ஆசனத்தில் அமர்ந்திருக்கிறார். வாங்குபவர் பேரம் பேச வரவில்லை. வழி கேட்க வந்திருக்கிறார். நடுவில் நிற்பதாகத் தோன்றும் ஒருவருக்கு ஒரு கரையிலிருந்து மட்டும் கூலி வருவதே இதிலுள்ள முரண்பாடு.

சட்டங்களைக் கடுமையாக்கினால் போதுமே என்பது மூன்றாவது வாதம். சட்டங்கள் இல்லாமலில்லை. அழையாமல் வீட்டுக்கதவைத் தட்டுவதையும், விற்பனைக் கூட்டங்களில் விருந்தளிப்பதையும் தடைசெய்து, தரகுக்கும் கட்டுப்பாடு விதிக்க 2008ஆம் ஆண்டுச் சட்டம் வழிவகுத்தது. ஓர் அட்வான்டேஜ் திட்டத்திலிருந்து இன்னோர் அட்வான்டேஜ் திட்டத்துக்கு ஒருவரை மாற்றினால் முழுத் தரகும் மீண்டும் கிடையாது என்ற விதியும் உண்டு. முதியவரைப் பந்துபோல் ஆண்டுதோறும் உதைத்து விளையாடுவதை இது ஓரளவு குறைத்தது. உண்மையான முன்னேற்றமே; அதனை இகழ்வதற்கில்லை. ஆனால் நீரை ஓரிடத்தில் மறித்தால் அது மற்றோரிடத்தில் வழி காணும். பெருந் தரகு நிறுவனங்களுக்கு உச்சவரம்புக்கு வெளியே ‘நிர்வாகச் செலவு’, ‘விற்பனை உதவி’ என்ற பெயர்களில் பணம் பாய்வதைக் கண்ட அரசு, 2024 ஏப்ரலில் அவற்றை ஒரே தொகைக்குள் அடக்க விதி செய்தது. அதே ஆண்டு ஜூலையில் டெக்சஸ் மாநிலத்துச் சமஷ்டி நீதிமன்றமொன்று அதை நிறுத்திவைத்தது.

2025 மே மாதத்தில் அமெரிக்க நீதித் திணைக்களம் ஒரு வழக்கில் தனது குற்றச்சாட்டுகளை முன்வைத்தது. ஏட்னா, எலிவன்ஸ், ஹியூமானா என்ற மூன்று பெருங் காப்புறுதி நிறுவனங்கள், 2016 தொடக்கம் 2021 வரையேனும், மூன்று தரகு நிறுவனங்களுக்குக் கோடிக்கணக்கான டொலர்களைச் சட்டவிரோதமாகக் கொடுத்து முதியோரைத் தம் திட்டங்களுக்குத் திருப்பினவென்பது அதன் சாரம். அந் நிறுவனங்கள் இதனை மறுத்தன. குற்றச்சாட்டைத் தீர்ப்பாகக் கொள்ள நாம் துணியோம். எனினும் ஓர் அரசே இத்தகைய ஐயத்தோடு நீதிமன்றப் படியேறவேண்டியிருப்பது, விதிகளின் வேலிக்கு எவ்வளவு பலமென்பதைச் சிந்திக்கச் செய்கிறது.

தரகென்பது உண்மையில் யாருடைய கையிலுள்ள கருவி என்பதையும் காணவேண்டும். அரசு நிர்ணயிப்பது உச்சவரம்பை மட்டுமே. அதற்குள் எவ்வளவு கொடுப்பதென்பது நிறுவனத்தின் விருப்பம். அண்மை ஆண்டுகளில், இலாபம் குறைந்ததென்று கருதிய சில திட்டங்களுக்கு நிறுவனங்கள் சில தரகையே நிறுத்திவிட்டன. திட்டம் காகிதத்தில் இருக்கிறது. முதியவர் சேர உரிமையும் இருக்கிறது. ஆனால் அதைப்பற்றிப் பேசுபவருக்குக் கூலி இல்லை. வாய்க்காலின் மடையைத் திறந்தும் மூடியும் எந்த வயலுக்கு நீர் போவதென்று தீர்மானிப்பவனைப்போல, நிறுவனம் முதியோரின் ஓட்டத்தைத் தீர்மானிக்கிறது. மடை அதன் கையில். முகவர் வாய்க்கால் மட்டுமே. வாய்க்காலை வைது பயனில்லை.

‘இலவச சேவை’ என்ற சொல்லையும் சற்று உரைத்துப் பார்ப்போம். தரகை நிறுவனம் கொடுக்கிறது. நிறுவனத்துக்கு அரசு கொடுக்கிறது. அரசுக்கு உழைக்கும் மக்களின் வரியும் முதியோரின் கட்டுப்பணமும் கொடுக்கின்றன. மூல மெடிகெயரில் இருந்திருந்தால் செலவாகியிருக்கக்கூடியதைவிட, அட்வான்டேஜ் திட்டங்களுக்காக அரசு 2025இல் ஏறத்தாழ 20 வீதம், அதாவது 8,400 கோடி டொலர், அதிகமாகச் செலவிடுமென்று அமெரிக்கக் கொங்கிரசுக்கு ஆலோசனை வழங்கும் மெடிகெயர் கொடுப்பனவு ஆணைக்குழு மதிப்பிட்டது. காப்புறுதி நிறுவனங்கள் இம்மதிப்பீட்டை மறுக்கின்றன. ஆனால் தரகுப்பணம் வானிலிருந்து விழுவதன்று என்பதை அவற்றாலும் மறுக்கமுடியாது. ஆலோசனைக்கு அப்பெண்மணி பணம் கொடுக்கிறார். தாம் கொடுப்பது அவருக்குத் தெரியாது என்பதே வேறுபாடு. தெரியாமற் கொடுப்பதனால், கேட்கும் உரிமையையும் அவர் இழந்துவிடுகிறார்.

இவ்வளவு சிக்கலான காரியத்தில் முகவர் இல்லாவிட்டால் முதியோர் என்ன செய்வார்கள் என்ற கேள்வி எஞ்சுகிறது. நியாயமான கேள்வி. ஆண்டுதோறும் ஒக்டோபர் 15 முதல் டிசம்பர் 7 வரை, பத்துக் கணக்கான திட்டங்களை ஒப்பிட்டு ஒன்றைத் தெரிய வேண்டிய நிலையில் எழுபது, எண்பது வயதானோர் வைக்கப்படுகின்றனர். அந்நாட்களில் தொலைக்காட்சியெங்கும் முன்னாள் நட்சத்திரங்கள் தோன்றி, இந்த இலக்கத்தை அழையுங்கள் என்கின்றனர். ஆனால் இச்சிக்கல் மழையையும் வெயிலையும்போல இயற்கையில் தோன்றியதன்று. பொதுத்திட்டத்தைக் குறையுடன் விட்டு, அக்குறையை நிரப்பும் உரிமையைப் பலருக்குப் பங்கிட்டதன் விளைவு அது. இருளைப் பரப்பிவிட்டு விளக்கு விற்பவன், விளக்கில்லாவிட்டால் நீ எப்படி நடப்பாயென்று கேட்பதில் என்ன தர்க்கம் இருக்கிறது?

வேறு வழி இல்லையென்பதும் உண்மையன்று. அது அமெரிக்காவிலேயே இருக்கிறது. 1990ஆம் ஆண்டுச் சட்டத்தின் பயனாக, மாநிலந்தோறும் மெடிகெயர் பற்றிய இலவச ஆலோசனை நிலையங்கள் இயங்குகின்றன. சமஷ்டி அரசின் பணத்தில் நடைபெறும் அவற்றில், பயிற்சி பெற்ற ஆலோசகர்கள் அமர்ந்திருக்கிறார்கள். அவர்களுட் பலர் தொண்டர்கள். முதியவர் எதில் சேர்ந்தாலும், எதிலும் சேராவிட்டாலும், அவர்களுக்குக் கிடைப்பதில் மாற்றமில்லை. ‘ஒன்றும் வாங்காதீர்கள்’ என்ற வார்த்தையை இழப்பின்றிச் சொல்லக்கூடியவர்கள் அவர்கள். ஆனால் அவர்களிடம் தொலைக்காட்சி விளம்பரம் இல்லை, நட்சத்திரங்கள் இல்லை. அங்கே நேர்மை தொண்டாக நடக்கிறது. விற்பனை தொழிலாக நடக்கிறது. தொண்டு தொழிலோடு போட்டியிடவேண்டிய சமுதாயத்தில் எது வெல்லும் என்று ஊகிப்பது கடினமன்று.

நாம் வந்தடையும் முடிவு இதுதான். பண்டத்தைப் பற்றிய அறிவு வாங்குபவனுக்கு எளிதில் எட்டாததாகவும், தவறான தெரிவு எளிதில் திருத்தமுடியாததாகவும், அத்தெரிவில் உயிரும் உடலும் சம்பந்தப்பட்டும் இருக்கும் இடத்தில், ஆலோசனை ஒரு பண்டமாக இருத்தல் தகாது. நீதிபதிக்கு வழக்காளி கூலி கொடுக்கக்கூடாது என்பதை மனித நாகரிகம் எப்போதோ கண்டுகொண்டது. நீதிபதிகள் அனைவரும் கெட்டவர்கள் என்பதனால் அன்று; நல்ல நீதிபதியும் அந்நிலையில் நடுவராக இருக்கமுடியாது என்பதனால். நோயுற்ற முதுமைக்கு வழிகாட்டுபவருக்கும் அதே பாதுகாப்பு வேண்டும். அவருடைய சம்பளம் பொதுப்பணத்திலிருந்து வரவேண்டும். எந்தப் பதிலைச் சொன்னாலும் அது ஒரே சம்பளமாக இருக்கவேண்டும்.

இன்றைய முகவர்களே நாளை அந்த ஆசனங்களில் அமரலாம். அவர்களுடைய அறிவும் அனுபவமும் அதற்குப் போதும். மாறவேண்டியது அவர்களுடைய நெஞ்சமன்று. சம்பளப் பட்டியலில் கையொப்பமிடும் கையே. நல்லவர்களாக இருங்கள் என்று மனிதர்களுக்கு உபதேசிப்பது எளிது. நல்லவர்களாக இருப்பதனால் அவர்கள் வீட்டு அடுப்பு அணைந்துவிடாத ஓர் அமைப்பைக் கட்டுவது கடினம். அக்கடினமான பணியையே நாம் அறமென்று அழைக்கிறோம்.